ஒரகடத்துக்குக் கொண்டுபோன வசனம்

காலை 4.50, அயனாவரம்.

ஜனவரி இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. வருடம் எழுபதுகளின் நடுவில் ஒன்று. எங்கள் போதகர் ஐயா சபைப் பத்திரிகைக்கு, தேவன் செய்த நன்மையைச் சொல்லும் ஒரு சாட்சி எழுதித் தரும்படி அன்றிலிருந்து என்னை நச்சரித்துக்கொண்டிருக்கிறார். சாட்சி சொல்லி ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டவன் நான். அதனால் சாட்சி வேண்டாம் ஐயா, ஒரகடத்துக்குப் போய்வந்த பயணத்தை எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எந்த மணிக்கு எந்த பஸ், எத்தனை மைல், என்ன கட்டணம் என்பது எனக்கு மறக்காது. ரயில் பெட்டிப் பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்து இருபத்தெட்டு வருடத்தில் மேற்பார்வை பார்க்கும் சார்ஜ்மேன் ஆனவன். அளவு தப்பினால் எனக்குச் சோறு இறங்காது.

கையில் ஒரு மஞ்சள் பை, அதில் என் மனைவி எஸ்தர் கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதம். சட்டைப் பையில் ஒரு வசன அட்டை. அந்த அட்டையை என் மகன் ஜெயசீலன் கையில் கொடுத்துவிட்டு வர வேண்டும். போன காரியம் அவ்வளவுதான்.

இந்த அட்டை விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் எங்கள் கோயிலில் ஒரு தட்டு நிறைய அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருடம் முழுக்க அதுதான் நமக்குக் கிடைத்த வாக்கு. ஊரில் இல்லாதவர்களுக்காக வீட்டில் ஒருவர் பெயர் சொல்லி எடுப்பார்கள். வந்த வசனம் பிடிக்கவில்லை என்று திருப்பி வைக்கக் கூடாது, அடுத்தவரோடு மாற்றிக்கொள்ளவும் கூடாது. சீலன் பத்து வயதில் தன் அட்டையைப் பக்கத்து வீட்டுப் பையனோடு மாற்றிக்கொண்டதற்காகக் கோயில் வாசலிலேயே என்னிடம் அடி வாங்கியிருக்கிறான். எஸ்தர் இந்த வருடம் மூன்று அட்டை எடுத்து வந்து, ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் பெயர் எழுதி வேதப் புத்தகத்துக்குள் வைத்தாள். நான் என்னுடையதைப் படிக்கக்கூட இல்லை. படிக்கிற மனநிலையில் இல்லை.

காரணம், எஸ்தருக்கு வயிற்றில் கட்டி. திங்கள்கிழமை காலை ஆபரேஷன், ஞாயிறு மாலைக்குள் வந்து சேர்ந்துவிட வேண்டும் என்று பெரிய டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவளோ, சீலனுக்கு எடுத்த அட்டை அவன் கைக்குப் போய்ச் சேராமல் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். தபாலில் போடலாமே என்றேன்.

"தபால்காரரு அவன் மூஞ்சியப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்வாரா?" என்று கேட்டாள்.

இன்னொரு நிபந்தனையும் போட்டாள். ஆபரேஷன் பேச்சையே அவனிடம் எடுக்கக் கூடாது. பயமுறுத்தி இழுத்துக்கினு வர்றதுக்கு அவன் ஒண்ணும் கட்டறுத்துக்கினு போன மாடு இல்ல, கார்டைக் குடுங்க, மூஞ்சியப் பாருங்க, வாங்க, அவனுக்குத் தோணினா வருவான் என்றாள். நோயாளியோடு வாதாட முடியுமா? தலையாட்டிவிட்டு வேதத்தைத் திறந்தேன். விளக்கு மங்கலாக இருந்தது, கண்ணாடி பைக்குள் இருந்தது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மேலே இருந்த அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

காலை 6.05, பாரிமுனை.

காஞ்சிபுரம் போகும் பஸ். ஶ்ரீபெரும்புதூருக்கு ஒரு ரூபாய் நாற்பது காசு. ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டிய வண்டி. டிரைவர் சீட்டில் ஆள் இல்லை. கண்டக்டரிடம் கேட்டேன். டீ குடிக்கப் போயிருக்கிறார் என்றார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டேன். இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறார் என்றார். மூன்றாவது தடவை நான் வாயைத் திறப்பதற்குள், "சாருக்கு இன்னா அவசரம், வண்டிய நீங்களே ஓட்டிக்கினு போறீங்களா?" என்று சாவியை நீட்டினார். பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 6.22க்கு வண்டி நகர்ந்தது.

பக்கத்தில் உட்கார்ந்தவர் குன்றத்தூர்க்காரர், பூந்தமல்லியில் இறங்கி வண்டி மாற வேண்டியவர். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். ஒரகடத்துக்கு, மகனைப் பார்க்க என்றேன். மகன் என்ன செய்கிறான் என்றார். வயல்வெளி பம்புசெட்டு எஞ்சின்களைப் பழுது பார்க்கிறான் என்றேன். நல்ல தொழில், அந்தப் பக்கம் ஏரிப் பாசனமும் கிணறும்தான், எஞ்சின் இல்லாமல் ஒரு வேலை நடக்காது, அப்பா பட்டறை, பிள்ளையும் அதே வழி, கொடுத்து வைத்தவர் நீங்கள் என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொடுத்து வைத்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சீலன் என் கீழேதான் அப்ரண்டிஸாக இருந்தான். போன வருடம் ஏப்ரலில் ஒரு நாள், பவர் பிரஸ் என்கிற தகடு வெட்டும் யந்திரத்தின் பெடலை மிதித்தான். மிதிப்பதற்கு முன் எதிரில் நிற்பவனைச் சத்தமாகக் கூப்பிட வேண்டும், அவன் பதில் சொல்ல வேண்டும். அதுதான் விதி. அன்று எதிரில் நின்ற தொழிலாளிக்கு இரண்டு விரல் போயிற்று. விசாரணையில் என்னைக் கேட்டார்கள், கூப்பிட்டதாக உங்கள் மகன் சொல்கிறானே, கூப்பிட்டானா என்று. நான் பத்தடி தூரத்தில் நின்றிருந்தேன். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடுங்கள், பையன் தப்பித்துவிடுவான் என்று யூனியன்காரர் முதல் நாள் வந்து என்னைக் கெஞ்சினார். மாட்டேன் என்றேன். கூப்பிடவில்லை என்று சொன்னேன். சீலனை வேலையை விட்டு எடுத்தார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். அன்று சாயங்காலம் அவன் சாப்பிட உட்கார்ந்தான். தட்டில் கை வைக்கும்போது நான் வேதத்தை எடுத்து, பொய் நாவைப் பற்றியும் செய்த பாவத்தை மறைப்பவனைப் பற்றியும் வரும் வசனங்களைத் தேடித் தேடிச் சத்தமாகப் படித்தேன். அதுதான் என் வழக்கம். அவன் தாமதமாக வந்தால் அதற்கொரு வசனம், முடி வளர்த்தால் அதற்கொரு வசனம், சினிமாவுக்குப் போனால் ஒரு அதிகாரமே. இருபத்துநாலு வயதுப் பிள்ளை தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனான். எட்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அம்மா பெயருக்கு ஒரு தபால் கார்டு வந்தது. இரண்டே வரி. நலம், ஒரகடம் கூட்டுரோட்டில் எஞ்சின் ஷெட்டில் இருக்கிறேன், கவலைப்பட வேண்டாம். என்னைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

காலை 7.35, பூந்தமல்லி. 7.55, செம்பரம்பாக்கம்.

மழைக்காலம் முடிந்த கையோடு போனதால் செம்பரம்பாக்கம் ஏரி இடது பக்கம் கரை தட்டி நின்றது. தண்ணீரில் வெயில் விழுந்து கண் கூசியது. பார்க்கப் பார்க்க அழகான இடம். தண்டலம் வரைக்கும் பனைமரமும் வயலும்தான். ஆனால் அழகைப் பார்க்கிறவன் மனம் சும்மா இருக்க வேண்டுமே. அவன் ஷெட்டில் இல்லாவிட்டால்? இருந்தும் பேசாவிட்டால்? அட்டையை வாங்கிக் கிழித்துப் போட்டால் எஸ்தரிடம் என்ன சொல்வது? ஒவ்வொரு மைல்கல்லுக்கும் ஒரு கேள்வி வந்துகொண்டே இருந்தது. ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினால், ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வார்டில் சேர்க்க வேண்டும் என்ற கணக்குதான் வந்தது.

காலை 8.30, ஶ்ரீபெரும்புதூர்.

பெருமாள் கோயில் பக்கமிருந்து ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு வந்துகொண்டிருந்தது. பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் நாலு இட்லி, அறுபது காசு. இட்லி பூப்போல இருந்தது, இரண்டுக்கு மேல் இறங்கவில்லை. ஒரகடத்துக்கு இங்கிருந்து ஒன்பது மைல். சிங்கப்பெருமாள் கோயில் போகும் வண்டி அந்த வழியாகத்தான் போகும், அது பத்தேகாலுக்கு என்றார்கள். அதற்குள் வல்லக்கோட்டைக்கு ஒரு வண்டி வந்தது. முருகனுக்கு வெள்ளிக்கிழமைக் கூட்டம், அதனால் விட்ட வண்டி, அங்கேயே நின்றுவிடும். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை, பாதி வழியாவது போவோம் என்று ஏறிவிட்டேன். நாற்பது காசு. மொட்டை போட்ட குழந்தைகளும் பால் சொம்புகளுமாக வண்டி நிறைந்திருந்தது. எனக்கு இடம் கொடுத்த ஒரு அம்மாள், என்ன வேண்டுதல் என்று விசாரித்தார். மகன் என்றேன். எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று என் கையில் ஒரு வாழைப்பழத்தை வைத்தார். நான் எந்தக் கோயிலுக்குப் போகிறேன் என்பதை அவர் கேட்கவில்லை.

காலை 9.50, வல்லக்கோட்டை.

கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடை. டீ இருபது காசு. உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அட்டையில் என்னதான் இருக்கிறது என்று முதல் தடவையாக எடுத்துப் பார்த்தேன். வேதத்தின் சங்கீதப் புத்தகத்தில் வரும் வசனம். பறவை தன் குஞ்சுகளை மூடுவதுபோலத் தேவன் தன் சிறகால் மூடுவார், அதன் கீழே அடைக்கலம் கிடைக்கும் என்கிற கருத்து. நல்ல வசனம், பிள்ளைக்குப் பொருத்தமானது என்று நினைத்துக்கொண்டே திருப்பினேன். பின்னால் எஸ்தரின் கையெழுத்தில் பென்சிலால் 'தேவசகாயம்' என்று எழுதியிருந்தது.

அது என் பெயர்.

அவனுடைய அட்டை வீட்டில் வேதத்துக்குள் இருக்கிறது. திரும்பிப் போய் எடுத்து வர வேண்டுமானால் அன்று முடியாது, சனிக்கிழமையும் எஸ்தருக்கு ரத்தப் பரிசோதனைக்காக அலைய வேண்டும். வெறுங்கையோடு போய் நிற்கவும் முடியாது. என் அட்டையை அவனுக்குக் கொடுப்பதா? மாற்றியதற்காக அவனை அடித்தவன் நான் அல்லவா? டீ ஆறிக்கொண்டிருந்தது. கடைக்காரர் காதில் ஒரு பென்சில் செருகியிருந்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுதத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் பயணத்தில் நடந்ததை மறைத்தால் அது என்ன கட்டுரை? கட்டை விரலை எச்சிலில் தொட்டு என் பெயரைத் தேய்த்தேன். முழுதாகப் போகவில்லை, சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு நின்றது. கடைக்காரரிடம் பென்சிலை வாங்கி, அந்தத் திட்டின் மேலேயே 'ஜெயசீலன்' என்று எழுதினேன். எஸ்தர் எழுதுவதுபோல் எழுதப் பார்த்தேன், கோணலாக வந்தது. இருபத்தெட்டு வருட உத்தியோகத்தில் வேலைக் கணக்கு எழுதும் ஜாப் கார்டு ஒன்றில்கூட நான் ஒரு எழுத்தை அழித்ததில்லை. பென்சிலைத் திருப்பிக் கொடுக்கும்போது கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் ஒன்றுமில்லை, எனக்குத்தான் திருடன்போல இருந்தது. சிங்கப்பெருமாள் கோயில் வண்டிக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் நடக்க ஆரம்பித்தேன். ஒரகடம் இரண்டரை மைல். அந்த வண்டி பாதி வழியில் என்னைத் தாண்டிப் புழுதியடித்துக்கொண்டு போயிற்று.

காலை 11.10, ஒரகடம் கூட்டுரோடு.

நாலு பக்கமும் சாலை பிரிகிற இடம். ஒரு சோடாக்கடை, ஒரு சைக்கிள் கடை, ஒரு புளியமரம், அதன் நிழலில் ஓலைக் கூரை போட்ட எஞ்சின் ஷெட். பூட்டியிருந்தது. சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டேன். "மெட்ராஸு மெக்கானிக்கா? கன்னியம்மா கொல்லையில கீறாரு. காத்தாலேர்ந்து அங்கதான்" என்று தெற்கே கை காட்டினார். கொல்லை என்றால் அங்கே வயல், முக்கால் மைல். வரப்பு மேலேயே போகச் சொன்னார்.

வரப்பில் நடக்கும்போது தூரத்தில் கிணற்று மேட்டில் ஒரு முதுகு குனிந்திருப்பது தெரிந்தது. யார் முதுகு என்று எனக்குத் தெரியாதா? நான் போய் நின்றேன். சீலன் நிமிர்ந்து பார்த்தான். இளைத்திருந்தான், கறுத்திருந்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தான். கையில் கிரீஸ். வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி எஞ்சினுக்குள் குனிந்துகொண்டான்.

கொல்லைக்காரி கன்னியம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், ஒரு பனையோலைத் தடுக்கைப் போட்டு உட்காரச் சொன்னாள். பக்கத்தில் ஒரு பாத்தி முழுக்க நெல் நாற்று, நுனி வெளுக்க ஆரம்பித்திருந்தது. மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. இன்று எஞ்சின் ஓடாவிட்டால் நாற்றெல்லாம் மாட்டுக்குத்தான், இன்னொரு விதைப்புக்கு வழி இல்லை என்று சொன்னாள். நான் சட்டையைக் கழற்றிக் கிணற்றுச் சுவரில் போட்டுவிட்டு ஸ்பேனரை எடுத்தேன். சீலன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைப் பிடித்துக்கொண்டான், நான் நட்டுகளை மாற்றி மாற்றி முடுக்கினேன். ஒன்றரை மணி நேரத்தில் பதினைந்து வார்த்தை பேசியிருப்போம், எல்லாம் ஸ்பேனர் அளவு. வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தான்.

மதியம் 1.05.

எஞ்சினை ஓட்ட வேண்டும். சீலன் ஹேண்டிலைச் செருகிவிட்டு நிமிர்ந்தான். பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் கன்னியம்மாவும் அவள் கொழுந்தனும், இந்தப் பக்கம் நான்.

"கை!" என்றான்.

அவர்கள் இரண்டு பேரும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்கள். நான் சும்மா நின்றேன்.

"உங்க கையும்தாம்பா."

தூக்கினேன். அவன் ஒவ்வொருவர் கையாக, விரல் விரலாகப் பார்த்தான். பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டான், பதில் வாங்கினான். அதற்குப் பிறகுதான் ஹேண்டிலைச் சுற்றினான்.

"இந்தக் கூத்துதான் அண்ணே எந்நேரமும்," என்றாள் கன்னியம்மா, கையைத் தூக்கிக்கொண்டே. "போலீஸ்காரன் கணக்கா கையத் தூக்க வெச்சிட்டுத்தான் இஞ்சினத் தொடுவான். கெணத்தண்ட ஒத்தையா நின்னாக்கூட தன் கையையே தூக்கிப் பாத்துக்கினு கீறான். இன்னா வேண்டுதலோ."

எஞ்சின் இருமி, புகை கக்கி, பிடித்துக்கொண்டது. குழாயில் தண்ணீர் கொட்டியது. எல்லோரும் வாய்க்காலைப் பார்க்க ஓடினார்கள். நான் கையை இறக்க மறந்து அப்படியே நின்றேன். எட்டு மாதமாக இந்தப் பிள்ளை அந்த இரண்டு விரலைச் சுமந்துகொண்டு திரிகிறான். இவனுக்கா நான் வசனம் தேடித் தேடிப் படித்தேன்?

வரப்பில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதத்தைப் பங்கு போட்டுக்கொண்டோம். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். உன்னைப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள் என்றேன். சட்டையை எடுத்து, அட்டையை அவன் கையில் வைத்து, இது அம்மா உனக்காக எடுத்தது என்றேன். அந்தப் பொய்யும் என் வாயிலிருந்து வந்தது.

வசனத்தைப் படிக்காமல் அட்டையைப் பின்பக்கம் திருப்பினான். பெயரை வெகுநேரம் பார்த்தான்.

"இது உங்க எழுத்தாச்சே. அடியில இன்னா பேரு இருந்திச்சு?"

"என் பேரு."

"அழிச்சீங்களா?"

"அழிச்சேன்."

"நீங்களா?" என்றான்.

எப்படி நடந்தது என்று சொன்னேன், மங்கல் விளக்கு, கண்ணாடி, டீக்கடைப் பென்சில் எல்லாவற்றையும். நான் சொல்லச் சொல்ல அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை, தண்ணீர் ஓடுகிற வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"விசாரணைல நீங்க சொன்னதுக்கு நான் கோச்சிக்கலப்பா. நான் கூப்புடாமதான் மிதிச்சேன், அது நெசம். ஆனா அன்னிக்கு சோத்துத் தட்டு முன்னால படிச்சீங்க பாருங்க. அதுலேர்ந்து வேதத்தத் தொறந்தா எந்த வசனமும் உங்க கொரல்லதான் கேக்குது. திட்டுற மாதிரியே கீது. எட்டு மாசமா தொறக்கல."

என்னிடம் பதில் வசனம் இல்லை. என் வாழ்நாளில் எதற்கும் வசனம் கைவசம் இல்லாமல் நான் நின்றதில்லை. "எனக்குப் பயமா கீது சீலா," என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அம்மாவுக்கு இன்னா?"

"சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கா."

"எப்ப?"

"திங்கக்கெழம காத்தால."

என்ன ஆபரேஷன், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டான், சொன்னேன். எஸ்தரிடம் கொடுத்த வாக்கை இப்படித்தான் காப்பாற்றினேன். பிறகு சீலன் அட்டையை முன்பக்கம் திருப்பி, "இது உங்களுக்கு வந்தது. நான் படிக்கிறேன், நீங்க கேளுங்க" என்றான்.

படித்தான். இரண்டே வரி. நான் எத்தனையோ தடவை படித்த வரிகள், மனப்பாடமான வரிகள். யாரையும் கண்டிப்பதற்கு உதவாது என்பதால் அந்தச் சங்கீதத்தை நான் அவ்வளவாகத் தொடுவதில்லை. இன்னொருவர் வாயால், அதுவும் கிரீஸ் கையோடு உட்கார்ந்திருக்கும் என் பிள்ளை வாயால் கேட்டபோது, ஐம்பத்துமூன்று வயது ஆள் கன்னியம்மா பார்க்க அழுதேன். பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்க ஒரு இடம் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

உடனே என்னோடு கிளம்புவான் என்று நினைத்தேன். கிளம்பவில்லை. ஹெட்டுக்கு அடியில் போட்ட புதிய கேஸ்கட் சரியாக உட்காரும் வரை எஞ்சினை விட்டுப் போக முடியாது, நடுவில் நின்றுவிட்டால் இவர்களுக்கு ஓட்டத் தெரியாது, பெல்ட்டில் யாராவது கை வைத்துவிடுவார்கள் என்றான். எப்போது வருவாய் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அட்டையை அவனே சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நானும் கேட்டு வாங்கவில்லை.

மாலை 4.40, ஒரகடம் கூட்டுரோடு.

திரும்பும் வண்டி பன்னிரண்டு நிமிடம் தாமதம். ஏறி உட்கார்ந்ததும் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன், கடைசி நேரத்தில் ஓடி வந்து ஏறிவிட மாட்டானா என்று. வரவில்லை. இரவு சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டில் இருந்தேன். எஸ்தர் கதவைத் திறந்த கையோடு, உங்க கார்டை எடுத்துக்கினு போயிட்டீங்களே என்றாள். காலையில் வேதத்தைத் திறந்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அழித்ததையும் எழுதியதையும் சொன்னேன். ஆபரேஷனைப் பற்றி நான் சொன்னதையும் சொல்லாததையும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வாங்கி இன்னா பண்ணான்?"

"சட்டைப் பையில போட்டுக்கினான்."

"மூஞ்சி எப்டி இருந்துச்சு?"

"சிரிச்சான்," என்றேன். ஞாயிற்றுக்கிழமை மாலை அவளே புடவையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

திங்கள்கிழமை, காலை 8.30.

ஒரகடத்தோடு கட்டுரை முடிந்திருக்க வேண்டும். போகாதவர்களுக்கு ஊரைப் பற்றிச் சொல்ல இனி ஒன்றுமில்லை. ஆனால் அன்று ஒரகடத்திலிருந்து முதல் பஸ் பிடித்து இன்னொருவன் எதிர்ப்பக்கமாக அதே பயணத்தைச் செய்தான். எஸ்தரை ஸ்டிரெச்சரில் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்தான். எஸ்தர் கையை நீட்டி அவன் தாடையைத் தொட்டுப் பார்த்தாள். எளச்சிட்ட என்றாள். அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தோம். என்னால் ஒரு நிமிடம் உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன், மறுபடி உட்கார்ந்தேன். பையிலிருந்து வேதத்தை எடுத்துச் சங்கீதங்களைத் திறந்தேன். பக்கத்தில் அவன் இருக்கிறானே என்று உதடு அசையாமல், சத்தம் வராமல் படித்தேன்.

"சத்தமா படிங்கப்பா," என்றான்.

"வேணாண்டா. நீ படி."

"இல்ல. சின்னதுலேர்ந்து கேட்டுக் கேட்டு, நீங்க படிச்சாத்தான் படிச்ச மாதிரி கீது."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் சங்கீதத்திலிருந்து ஆரம்பித்தேன். எதையும் தேடவில்லை, எதையும் தள்ளவில்லை, வரிசையாகப் படித்தேன். பதினொன்று நாற்பதுக்கு நர்ஸ் வந்து, கட்டியை எடுத்தாயிற்று, கண் விழித்துவிட்டார்கள் என்று சொன்னபோது எழுபதாம் சங்கீதத்தில் இருந்தோம். மாலை நாலு மணிக்குத்தான் எங்களை உள்ளே விட்டார்கள். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. மீதியை அவளுக்குச் சீலன் படித்தான்.